குகேஷும் திண்டுக்கல்லும் ஒரே இரவில்

செய்தித்தாள் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தினமும் விபத்தும் சாவுமா எழுதி எழுதி மனசு மரத்துப் போயிருக்குமே?" இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி மரத்துப் போகவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே துக்கம் வந்து நிற்பதும், இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தாக வேண்டியிருப்பதும்தான் எனக்குச் சிரமம்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. அன்று வைக்கத்தில் பெரியார் நினைவகத் திறப்பு விழா. தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்டார்கள். அதுதான் லீட், அதாவது முதல் பக்கத்தின் முக்கியச் செய்தி என்று முடிவாகியிருந்தது. இன்னொரு பக்கம் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதுதான் கடைசியும். நம்ம சென்னைப் பையன் குகேஷ், நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரன் இருவரும் ஆளுக்கு 6.5 புள்ளி. ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் டை-பிரேக்கர் என்று நினைத்து அதற்கேற்ற தலைப்பைக்கூட யோசித்துவிட்டோம்.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். விளையாட்டுப் பக்கம் பார்க்கும் தம்பி நாற்காலியை விட்டு எழுந்து கத்தினான். செஸ் தெரியாதவர்களும் அவனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார். 18 வயதில் உலக சாம்பியன்! அதுவரை மிக இளைய சாம்பியனாக இருந்த காஸ்பரோவ் 1985இல் பட்டம் வென்றபோது அவருக்கு 22. ஜெயித்த குகேஷ் எழுந்து ஓடாமல், காய்களை மறுபடி அதனதன் கட்டத்தில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே அழுதார். எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதில் நானும் ஒருத்தி.

டிங்கையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வோடு போராடுவதை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். தேறிவந்து கடைசி ஆட்டம் வரை தாக்குப்பிடித்தார். தலையைக் கவிழ்த்து அவர் உட்கார்ந்திருந்த காட்சி எனக்குள் எங்கோ உறுத்தியது. குகேஷே பேட்டியில் முதலில் டிங்கைத்தான் மனசார பாராட்டினார். அதை ஒரு பாக்ஸாகப் போட வேண்டும் என்று அடம்பிடித்து இடம் வாங்கினேன்.

பக்கம் முடிந்து டீ குடிக்கப் போகும் நேரத்தில் திண்டுக்கல் நிருபரிடமிருந்து போன். தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ. முதலில் "புகை மட்டும்தான், ஆளுக்கு ஒன்றும் இல்லை போல" என்றார். அப்புறம் அவர் குரலே மாறிவிட்டது. "அக்கா, லிஃப்ட்டுக்குள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. இப்பத்தான் வெளிய எடுக்குறாங்க." பின்னால் ஆம்புலன்ஸ் சைரன். கட்டிலோடு நோயாளிகளைத் தூக்கி வெளியே கொண்டுவருவதையும், அரசு மருத்துவமனைக்கு வண்டி வண்டியாக அனுப்புவதையும் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இறந்தவர்கள் இத்தனை பேர் என்று அவர் சொன்ன எண்ணிக்கையை நான் எழுதவில்லை. அரசு மருத்துவமனையில் உறுதியான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தோம். ஒரு குழந்தை உட்பட ஆறு பேர்.

எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்கும் இடம் அது. காலில் கட்டுப் போட்டவர் படியில் எப்படி இறங்குவார்? லிஃப்ட்தானே கதி? இந்த நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று எல்லாக் கட்டடத்திலும் எழுதித்தான் வைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை யார் எந்த வழியாக இறக்குவது என்பதற்கு மருத்துவமனை பதில் வைத்திருக்க வேண்டும், இரவு ஷிஃப்ட்டில் ஆள் குறைவாக இருக்கும்போதும்.

மதுரைப் பதிப்பின் முதல் பக்கத்தைத் திரும்பப் பிரித்தோம். வைக்கம் கீழே இறங்கியது. குகேஷை உள்ளே தள்ளிவிடலாமா என்று பேச்சு வந்தது. செய்தி ஆசிரியர் வேண்டாம் என்றார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆறு பேர் செத்த இரவில் அந்தப் பையனின் வெற்றியைச் சின்னதாக்கினால் இறந்தவர்களுக்கு மரியாதை செய்ததாக ஆகாது. அதே மாதிரி, ஊரே கொண்டாடுகிறது என்பதற்காகத் தீ விபத்தை நாலு வரியில் முடிக்கவும் முடியாது.

பிரச்சினை படத்தில் வந்தது. நாங்கள் எடுத்து வைத்திருந்தது குகேஷ் அழும் படம், எல்லோருக்கும் பிடித்த படம். பக்கத்தில் புகை சூழ்ந்த கட்டடம். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி பக்கத்தைத் தூர வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இவர் திண்டுக்கல்லுக்காக அழற மாதிரி இருக்கு." உண்மைதான். டீக்கடையில் மடித்துத் தொங்கும் பேப்பரில் முதலில் கண்ணில் படுவது படம்தானே. சிரிக்கும் படத்தைப் போட்டால் அது இன்னும் கொடுமை, தீயைப் பார்த்துச் சிரிப்பதுபோல் ஆகிவிடும். கடைசியில் அழும் படத்தையே வைத்து, குகேஷ் செய்தியை மடிப்புக்குக் கீழே முழு அகலத்துக்கு இறக்கினோம். திண்டுக்கல் மேலே தனியாக நின்றது. பக்கம் அச்சு பிளேட்டுக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பிரஸ்ஸிலிருந்து திட்டும் வாங்கினோம்.

காலையில் வந்த போன்களில் முக்கால்வாசி திண்டுக்கல் பற்றித்தான். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் அட்மிட் ஆகியிருப்பதாகவும், பெயர்ப் பட்டியல் கிடைக்குமா என்றும் கேட்டார்கள். நடுவில் ஒரு பள்ளி ஆசிரியர், நோட்டீஸ் போர்டில் ஒட்ட குகேஷ் படம் பெரிதாக வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. லைப்ரரியில் சொல்லி அவருக்கு அனுப்பச் செய்துவிட்டு, அடுத்த போனில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன்.