வெப் கம்போனென்ட் செலக்டர்கள்: கோத்தகிரியிலிருந்து நடத்திய ஒரு கருத்தாய்வு

கோத்தகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்கான கொள்முதல் மென்பொருளை எழுதி வருகிறோம். எடைச்சீட்டு, விவசாயியின் கணக்கு, மாதப் பட்டுவாடா ஆகியவை தனித்தனி வெப் கம்போனென்ட்டுகள், அதாவது எந்த இணையப் பக்கத்திலும் பொருத்தக்கூடிய தன்னிறைவான துண்டுகள். ஒவ்வொரு தொழிற்சாலையும் அவற்றைத் தன் நிறத்திலும் எழுத்துருவிலும் காட்ட விரும்பும். ஆனால் ஷேடோ டாம் எனப்படும் கம்போனென்ட்டின் வேலியிட்ட உள்ளமைப்புக்குள் இருக்கும் உறுப்புகளை, வெளிப்பக்கத்தின் சிஎஸ்எஸ் செலக்டர்கள் (தோற்ற விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று குறிப்பவை) எட்டுவதில்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் பலமே அதுதான். எங்களுக்கு வந்த சிக்கலும் அதுதான். எனவே அடுத்த பதிப்பில் எந்த வழிகளைத் திறந்துவிடுவது என்று முடிவெடுக்கும் முன், குன்னூர், உதகை, கோத்தகிரி ஆகிய ஊர்களிலிருந்து வேலை செய்யும் நிரலாளர்களிடம் கேட்டறிய விரும்பினேன்.

முதல் வினாத்தாளில் ':ஹோஸ்ட்' (கம்போனென்ட்டையே குறிப்பது), '::ஸ்லாட்டட்' (வெளியிலிருந்து உள்ளே வைத்ததைக் குறிப்பது), '::பார்ட்' (பெயரிட்டு வெளியே திறந்துவிட்ட உள் உறுப்பைக் குறிப்பது) என்று செலக்டர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, 'தெரியும்', 'பயன்படுத்தியிருக்கிறேன்', 'தெரியாது' என மூன்று கட்டங்கள் வைத்தேன். பதில்கள் விரைவாக வந்தன. பெரும்பாலோர் 'தெரியும்' என்றே குறித்திருந்தனர். அதை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் தீர்மானிக்க இயலவில்லை. குன்னூரிலிருந்து பதிலளித்த இளம் நிரலாளர் ஒருவர்தான் தொலைபேசியில் வழிகாட்டினார்: "அக்கா, தெரியுமான்னு கேட்டா தெரியும்னுதான் சொல்லுவோம். இந்த கோட் எழுதினா என்ன ஆகும்னு கேளுங்க."

அவர் சொன்னபடி ஆறு துண்டு நிரல்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் திரையில் என்ன தெரியும் என்று கேட்டேன். அது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி நின்றுபோனதால், வினாக்களைத் தாளில் அச்சிட்டுப் பேருந்தில் எடுத்துச் சென்று நேரில் கொடுத்தேன். அந்த அலைச்சலில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது: உலாவியில் ஓட்டிப் பார்க்க வழியில்லாததால், ஒவ்வொருவரும் தாம் உண்மையில் நம்புவதையே எழுதினார்கள்.

அதிகமானோர் தவறியது ஸ்லாட்டட் வினாவில். கம்போனென்ட்டுக்குள் '::ஸ்லாட்டட்(பி)' என்று எழுதிப் பின்னணி நிறம் கொடுத்திருந்தேன். வெளியிலிருந்து ஸ்லாட்டுக்கு, அதாவது வெளி உள்ளடக்கத்துக்கென விட்ட இடத்துக்கு, வந்ததோ ஒரு டிவ் (பொதுப் பெட்டி), அதனுள்ளே ஒரு பி (பத்தி). நிறம் மாறும் என்றார்கள் பலர். மாறாது, ஸ்லாட்டில் நேரடியாக வந்து அமரும் உறுப்பை மட்டுமே அந்தச் செலக்டர் பொருத்திப் பார்க்கும், அதன் உள்ளே இருப்பதை அது எட்டாது. வெளிப்பக்க விதியும் ஸ்லாட்டட் விதியும் ஒரே உறுப்பில் மோதினால் எது வெல்லும் என்ற அடுத்த வினாவுக்கு, அனுபவமுள்ளவர்கள்கூட, எந்தச் செலக்டர் கூடுதல் குறிப்பானது என்ற அளவான ஸ்பெசிஃபிசிட்டியைக் கணக்கிடத் தொடங்கினார்கள். முன்னுரிமை தரும் இம்பார்ட்டன்ட் குறி இல்லாத விதிகள் என்றால் வெளிப்பக்கமே வெல்லும். ஸ்பெசிஃபிசிட்டிக்கு அங்கே வேலையே இல்லை. அந்த இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடனும் நெடுநேரம் பேசினேன். இந்தக் கருத்தாய்வில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தவை அந்தப் பேச்சுகளே.

கடைசியில் திறந்த வினா ஒன்று வைத்திருந்தேன்: உங்களுக்கு என்ன வேண்டும்? நீண்ட காலமாக இத்துறையில் இருக்கும் சிலர், எல்லைகளைத் துளைத்துச் சென்ற பழைய '/டீப்/' போன்ற ஒன்றைக் கேட்டார்கள். குரோம் 2017-இல் அதை நீக்கியது சரியென்றே நான் கருதுகிறேன். உள்ளமைப்பு முழுவதையும் வெளியார் நம்பத் தொடங்கினால், ஒரு டிவ்வை இடம் மாற்றினாலும் எங்கோ ஒரு தொழிற்சாலையின் பக்கம் உடையும். ஆனால் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த இடர்ப்பாடு நியாயமானது. 2020 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் '::பார்ட்' இயங்குகிறது என்றாலும், அதன் பின்னே இடைவெளி விட்டு இன்னோர் உறுப்பைக் குறிப்பிட்டுக் கீழே இறங்க முடியாது. ஒரு கம்போனென்ட்டுக்குள் இன்னொன்று இருந்தால், உள்ளே இருப்பதன் பெயரை எக்ஸ்போர்ட்பார்ட்ஸ் என்ற பண்பின் மூலம் ஒவ்வொரு படியிலும் வெளியே அனுப்ப வேண்டும். நாங்கள் பெயர் வைக்க மறந்த இடங்களில் அவர்கள் தவித்திருக்கிறார்கள்.

ஆகவே நிறமும் இடைவெளியும் வெளியிலிருந்து மதிப்பை மாற்றக்கூடிய கஸ்டம் பிராப்பர்ட்டிகளாகவும், தலைப்பு, எடை, தொகை, பொத்தான் ஆகியவை பெயரிட்ட பார்ட்டுகளாகவும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்தப் பெயர்ப் பட்டியலையும், ஆறு வினாக்களுக்கான விடைகளையும் விளக்கத்தோடு பங்கேற்ற அனைவருக்கும் அனுப்பினேன். மறுவாரமே உதகையிலிருந்து ஒருவர், எடைக்குப் பக்கத்தில் வரும் 'கிலோ' என்ற சொல்லுக்கும் தனிப் பெயர் வேண்டும் என்று கேட்டார். அன்று மாலையே அதைச் சேர்த்துவிட்டோம்.