குழாய் விட்டத் தேர்வில் ஜெனடிக் அல்காரிதம்

குடிநீர் வலையமைப்பில் எந்தக் குழாய்க்கு எந்த விட்டம் என்று ஜெனடிக் அல்காரிதம் (பல விடைகளைக் கலந்தும் சற்று மாற்றியும் தலைமுறை தலைமுறையாகச் சிறந்ததைத் தேடும் கணினி முறை) கொண்டு தேடுகிறவர்கள் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது, 1977-இல் ஆல்பெரோவிட்ஸும் ஷமீரும் வெளியிட்ட இரண்டு லூப் (குழாய் வளையம்) கொண்ட மாதிரிக் கணக்கு. குழாய்கள் 8, ஒவ்வொன்றும் 1,000 மீட்டர். விட்டங்கள் 1 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை 14. ஒவ்வொரு முனையிலும் குறைந்தது 30 மீட்டர் நீர் உயரத்துக்கு அழுத்தம் வேண்டும். சேர்க்கைகள் 147 கோடிக்கு மேல். அறியப்பட்ட மலிவான விடை 4,19,000 செலவு அலகு. இந்த எண்ணை எட்டாத நிரலை நிஜத் திட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

விட்டத்தை 4 பிட்டில் எழுதினால் குறியீடுகள் 16; இரண்டுக்கு விட்டமே இல்லை. 0111-இலிருந்து அடுத்த அளவான 1000-க்குப் போக நான்கு பிட்டும் ஒரே நேரத்தில் புரள வேண்டும். 0 முதல் 13 வரை முழு எண்ணாகவே வைத்துவிட்டு, சடுதிமாற்றத்தை (விடையில் தற்செயலாகச் செய்யும் மாற்றம்) பெரும்பாலும் ஒரு படி மேலே அல்லது கீழே என்று அமைப்பது நல்லது. ஒரு தலைமுறையில் 100 வடிவமைப்புகள், கலப்பு விகிதம் (இரண்டு வடிவமைப்புகளைக் கலப்பதற்கான வாய்ப்பு) 0.9, ஒரு குழாய்க்குச் சடுதிமாற்ற வாய்ப்பு 1/8, சிறந்த ஒன்றிரண்டை அப்படியே அடுத்த தலைமுறைக்கு அனுப்புவது: தொடங்க இவ்வளவு போதும். பலர் இந்த எண்களைத் திருகியே வாரங்களைக் கழிக்கிறார்கள்.

உண்மையான தலைவலி தண்டத்தில், அதாவது நிபந்தனையை மீறும் வடிவமைப்பின் செலவோடு கூட்டும் எண்ணில்தான். அழுத்தக் குறைவுக்கான தண்டம் சிறிதாக இருந்தால் 29.7 மீட்டரில் நிற்கும் மலிவான வடிவமைப்பு வென்றுவிடும். பெரிதாக வைத்தால் தேடல் எல்லைக்கோட்டை நெருங்கவே அஞ்சும். சிறந்த விடையோ அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. இதில், குழாய்களின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் எபாநெட் மென்பொருளின் குணமும் சேர்கிறது. வழக்கமான கணக்கில், அழுத்தம் இல்லாவிட்டாலும் கேட்ட நீரை அது கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டம் 1 அங்குலக் குழாயில் மாட்டினால் அழுத்தம் மைனஸ் ஆயிரக்கணக்கில் இறங்கும். அதை வர்க்கப்படுத்தித் தண்டமாகச் சேர்த்தால் மற்ற வேறுபாடெல்லாம் மறைந்துபோகும். கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து கல்யாண்மொய் தேப் 2000-இல் வெளியிட்ட விதி இதற்கு எளிய மருந்து. நிபந்தனைக்கு உட்பட்டது உட்படாததை வெல்லும். இரண்டும் உட்பட்டவை என்றால் செலவைப் பார். இரண்டும் மீறினால் குறைவாக மீறியதை எடு. தண்ட எண்ணே தேவையில்லை.

அந்த 4,19,000 விடையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். விட்டங்கள் 18, 10, 16, 4, 16, 10, 10, 1 அங்குலம். கடைசிக் குழாய் ஒரு கிலோமீட்டருக்கு 1 அங்குலம்! லூப் பெயரளவுக்குத்தான் மிச்சம். ஒரு பிரதானக் குழாய் உடைந்தால் சுற்றிவர வழியில்லை. அல்காரிதத்தைக் குறைசொல்ல முடியாது, நம்பகம் வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. சிறிய அளவுகளைத் தண்டத்தால் விரட்டாமல் தேர்வுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு குழாயாக மூடியும் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அப்போது ஒரு வடிவமைப்புக்கு ஒரு கணக்கீடு என்பது பல மடங்காகும். ஏற்கெனவே மதிப்பிட்டவற்றைச் சேமித்து வைத்தால் நேரம் கணிசமாக மிஞ்சும், ஏனென்றால் பிந்தைய தலைமுறைகளில் ஒரே வடிவமைப்பு திரும்பத் திரும்ப வரும்.

வேறு நிரலின் விடையோடு ஒப்பிடும்போது உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் வைத்த மாறிலியையும் கேளுங்கள். ஆய்வுகளில் அது 10.5088 முதல் 10.9031 வரை வேறுபடுகிறது. உராய்வு இழப்பில் கிட்டத்தட்ட 4 சதவீதம். ஒருவரிடம் தேறிய வடிவமைப்பு இன்னொருவரிடம் 30 மீட்டருக்குக் கீழே போக அது போதும்.