ஃபிக்ஸ் ரெடி ஆயிடுச்சுன்னா உடனே அனுப்பிடலாமா?

சாஃப்ட்வேர் கம்பெனில கொஞ்ச நாள் இருந்தவங்க எல்லாருக்கும் பக் (சாஃப்ட்வேர்ல இருக்கிற தப்பு) ஒண்ணுக்கு ஃபிக்ஸ், அதாவது திருத்தம், ரெடி ஆனதும் வர்ற இந்த சண்டை தெரியும். சப்போர்ட்ல இருக்கிறவங்க "கோடு மாத்தியாச்சுல்ல, அனுப்பி விட வேண்டியதுதானே, கஸ்டமர் உயிரை எடுக்குறார்"ன்னு கேப்பாங்க, டெஸ்டிங்ல இருக்கிறவங்க "ரெக்ரஷன் (மத்ததெல்லாம் பழைய மாதிரியே ஓடுதான்னு பாக்குற டெஸ்ட்) ஓடி முடியல, இப்போ விட்டா நாளைக்கு வேற ஒண்ணு உடையும்"னு சொல்லுவாங்க, மேனேஜர் நடுவுல உக்காந்து யார் சத்தம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் சாய்வார். நான் முதல்ல சப்போர்ட்ல இருந்தேன், அப்புறம் டெவலப்மென்ட், இப்போ ரிலீஸ் பாக்குறேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா எனக்கு அதைவிடக் கொஞ்சம் தெளிவா ஒரு கருத்து இருக்கு, அதைத்தான் எழுதுறேன்.

எங்க கம்பெனி பண்றது மெடிக்கல் ஷாப்புக்கும் மருந்து ஹோல்சேல் பண்றவங்களுக்குமான பில்லிங் சாஃப்ட்வேர். பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி, பத்து மாத்திரை ஸ்ட்ரிப்ல நாலு மட்டும் வெட்டிக் குடுக்குற லூஸ் சேல்ஸ், இதெல்லாம் சேர்ந்த உலகம். இதுல வர்ற பக் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. பில் பிரின்ட்ல கடை பேரு கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வருதுன்னா அது இன்னிக்கும் அவ்வளவுதான், அடுத்த மாசமும் அவ்வளவுதான், வளராது. ஆனா லூஸ் மாத்திரை வித்தா ஸ்டாக் தப்பா கழியுதுன்னா ஒவ்வொரு பில் போடுறப்பவும் தப்பு ஏறிக்கிட்டே போகும், ராத்திரி கடை சாத்துறதுக்குள்ள அதைத் தேடி எடுக்குறதே பெரிய வேலை ஆயிடும். நிறைய ஆபீஸ்ல பி1, பி2ன்னு அவசர வரிசை போடுறாங்களே, அது பாதி நேரம் எந்த கஸ்டமர் பெரியவர்ங்கறதை வச்சுத்தான் முடிவாகுது. நான் கேக்குற முதல் கேள்வி வேற: இந்த பக் சும்மா நிக்குதா, இல்ல நேரம் ஆக ஆக நஷ்டத்தைக் கூட்டுதா?

2025 செப்டம்பர்ல நடந்ததைச் சொன்னா புரியும். செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி ரேட்டை மாத்துனாங்க, 22ஆம் தேதில இருந்து அமல்னு சொன்னாங்க, பெரும்பாலான மருந்து 12 பர்சென்ட்ல இருந்து 5க்கு வந்துச்சு, சில உயிர் காக்கும் மருந்துக்கு வரியே இல்லைன்னு ஆச்சு. மூணு வாரம் கூட முழுசா இல்ல. பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற எல்லா ஆபீஸும் அந்த நாட்கள்ல ராத்திரி பகல் பாக்காம ஓடிச்சு, எங்க டீமும் அப்படித்தான். ரேட் மாத்துறது, பழைய ஸ்டாக்குக்கு எம்ஆர்பி திருத்துறது, எல்லாம் 22ஆம் தேதிக்கு முன்னாடியே போயிடுச்சு. நல்லாத்தான் ஓடிச்சு.

இடிச்சது ரிட்டர்ன்ல. கடைக்காரர் விக்காத சரக்கையோ டேமேஜ் ஆனதையோ ஹோல்சேலருக்குத் திருப்பி அனுப்புனா ஹோல்சேலர் க்ரெடிட் நோட் (அந்தப் பணத்தைக் கழிச்சுக் குடுக்குற சீட்டு) போடணும், அது எந்த பில்லுல வித்தாங்களோ அந்த பில்லோட ரேட்லதான் போடணும். சாஃப்ட்வேர் என்ன பண்ணுச்சுன்னா பழைய பில்லைப் பாக்காம ஐட்டம் மாஸ்டர்ல (சரக்கு விவரப் பட்டியல்ல) இப்போ இருக்கிற ரேட்டை எடுத்துக்குச்சு. இதுக்கு முன்னாடி ரேட் ஒண்ணாவே இருந்ததால வருஷக்கணக்கா இது வெளியவே தெரியல.

திருச்சில ஒரு ஹோல்சேல் ஏஜென்சில கணக்கு பாக்குற அக்கா ஒருத்தங்கதான் முதல்ல பிடிச்சாங்க. போன்லயே நேரா விஷயத்துக்கு வந்தாங்க. "தம்பி, இது ஆகஸ்ட் மாச பில்லு. பன்னெண்டு பர்சென்ட்ல வித்தோம். இப்போ ரிட்டர்ன் போட்டா உங்க சாஃப்ட்வேர் அஞ்சுல க்ரெடிட் நோட் குடுக்குது. ஆயிரம் ரூவா சரக்குக்கு நூத்தி இருவது ரூவா வரி கட்டி வாங்குனவருக்கு அம்பதுதான் திரும்பக் குடுக்குறோம். மீதி எழுவது ரூவாய யாருப்பா குடுக்குறது? கடைக்காரர் கவுன்டர்ல நின்னு சத்தம் போடுறாரு." எனிடெஸ்க்ல அவங்க ஸ்க்ரீனைப் பாத்தேன், அவங்க சொன்னது நூறு பர்சென்ட் சரி. ரிட்டர்ன் என்ட்ரில ரேட் கட்டத்தை எஃப்2 அழுத்தி கையால மாத்திக்கலாம்னு காட்டிக் குடுத்தேன், ஒரு நிமிஷ வேலை, "சரிப்பா, மாத்தி மாத்திப் போட்டுக்குறேன்"னு வச்சுட்டாங்க.

கோடுல திருத்தமும் பெருசு இல்ல, அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சுது. ஆனா ரிட்டர்ன் மாட்யூலைத் தொட்டா ஸ்டாக்கும் தொடும், லெட்ஜரும் தொடும், ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டுறது) ரிப்போர்ட்டும் தொடும், அதனால முழு டெஸ்டிங் வேணும்னு க்யூஏ லீட் (டெஸ்டிங் டீமை நடத்துறவங்க) சொன்னாங்க. அது சரியான பேச்சு, நான் அதோட ஒத்துப்போனேன். அடுத்த ஷெட்யூல் ரிலீஸ்ல சேத்துக்கலாம், அக்டோபர் 11க்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் பண்ணணும், அதுக்கு முன்னாடி போயிடும்னு முடிவாச்சு. அதுவும் பரவால்ல. எனக்கு இன்னிக்கும் ஆறாதது வேற ஒண்ணு: நடுவுல இருந்த அத்தனை நாளும் மத்த கஸ்டமர்கள் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. திருச்சி அக்காவுக்குத் தெரிஞ்ச எஃப்2 வழி மத்தவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரா அவங்கவங்க கடைக்காரர்கிட்ட திட்டு வாங்கி, அப்புறம் எங்களுக்கு போன் பண்ணி, நாங்க அதே பதிலை ஒவ்வொருத்தருக்கா சொல்லி... கவனிக்காம விட்டவங்க தப்பான க்ரெடிட் நோட்டை பிரின்ட் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ரிலீஸ் போனப்புறமும் பிரச்சனை தீரல, ஏன்னா ஃபிக்ஸ் இனிமே போடுறதைத்தான் சரி பண்ணும், ஏற்கெனவே டேட்டாபேஸ்ல ஏறுனதை அது தொடாது. எந்தெந்த க்ரெடிட் நோட் தப்புன்னு லிஸ்ட் எடுக்குற ரிப்போர்ட்டைத் தனியா எழுதிக் குடுக்க வேண்டியதாச்சு. கஸ்டமர் உண்மையில காத்துக்கிட்டு இருந்தது அந்த லிஸ்ட்டுக்குத்தான்.

ஏன் சொல்லலன்னா, சொன்னா பேர் கெட்டுடும்னு சேல்ஸ் பக்கம் பயம். எனக்கு இதுல பெரிய வருத்தம் என்னன்னா எங்க கஸ்டமர் எல்லாரும் மருந்துக்காரங்க. ஒரு பேட்ச் தரம் சரியில்லைன்னு டிரக் கன்ட்ரோல்ல இருந்து தகவல் வந்தா ஹோல்சேலர் உடனே வாட்ஸ்அப்ல பேட்ச் நம்பரைப் போட்டு விக்காதீங்கன்னு அனுப்பிடுவார், கடைக்காரர் ரேக்ல இருந்து எடுத்துத் தனியா வைப்பார், மாத்து சரக்கு எப்போ வருதோ அப்போ வரட்டும். அப்படியே பழகுனவங்ககிட்ட "இந்த ஸ்க்ரீன்ல ஒரு தப்பு இருக்கு, திருத்தி அனுப்புற வரைக்கும் இப்படிப் பண்ணுங்க"ன்னு சொன்னா அவங்க ஏன் கோவிச்சுக்கப் போறாங்க?

ஆக பக் இருக்குங்கற செய்தி அன்னிக்கே போகணும். ஃபிக்ஸ் எவ்வளவு வேகமாப் போகலாம்ங்கறது, தப்பாப் போனா அதை எவ்வளவு சுலபமாத் திரும்ப எடுக்க முடியும்ங்கறதைப் பொறுத்தது. ரெண்டுக்கும் ஒரே கடிகாரத்தை வச்சுக்கிட்டுத்தான் எல்லா ஆபீஸும் சண்டை போடுது.

திரும்ப எடுக்குறதுன்னா என்னன்னு 2024 ஜூலை 19 எல்லாருக்கும் காட்டுச்சு. க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி அன்னிக்கு அனுப்புனது பக் ஃபிக்ஸ் கிடையாது, புதுசா வர்ற தாக்குதலைக் கண்டுபிடிக்க அடிக்கடி அனுப்புற சின்ன கன்டென்ட் அப்டேட், ஆனா பாடம் நமக்கும் அதேதான். 78 நிமிஷத்துல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. கேக்க நல்லாருக்கு, ஆனா அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துடுச்சு, விழுந்த மெஷின் பூட்டே ஆகாதப்ப திருத்துன ஃபைல் நெட்ல தயாரா இருந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஆள் போய் உக்காந்து சேஃப் மோட்ல ஏத்தி அந்த ஃபைலை அழிக்க வேண்டியதாச்சு. இந்தியாவுலயும் சில ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பாம முதல்ல கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பாத்திருந்தா சேதம் ரொம்பச் சின்னதா நின்னிருக்கும், அந்தப் படிப்படி முறையை அவங்களே அப்புறம்தான் கொண்டு வந்தாங்க. 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10 அப்டேட் ஒண்ணு சிலரோட டாக்குமென்ட் ஃபோல்டர்ல இருந்த ஃபைலையே அழிச்சுது, சில நாள்ல நிறுத்திட்டு நவம்பர் 13ல மறுபடி விட்டாங்க. அழிஞ்ச போட்டோவை அப்டேட்டை நிறுத்துறதால மட்டும் கொண்டு வந்துட முடியாது.

அதுக்காக எல்லாத்தையும் ஆற அமரப் பண்ணலாம்னு சொல்ல வரல. 2021 டிசம்பர்ல லாக்4ஜேங்கற, நிறைய சாஃப்ட்வேர் உள்ள வச்சிருக்கிற ஒரு ஜாவா லைப்ரரில ஓட்டை வெளிய வந்தப்ப 2.15, 2.16, 2.17, 2.17.1ன்னு ஒரே மாசத்துல வரிசையா வந்துச்சு, முதல் ஃபிக்ஸ் அரைகுறைன்னு நிறைய பேர் திட்டுனாங்க. நான் திட்ட மாட்டேன். ஆளுங்க ஏற்கெனவே உள்ள புகுந்துக்கிட்டு இருக்கும்போது பாதி அடைக்குற கதவு, திறந்து கிடக்குற கதவை விட மேல். செக்யூரிட்டி பக்ல இன்னொரு தொல்லையும் இருக்கு, பேட்ச் (இங்க மருந்து பேட்ச் இல்ல, ஓட்டையை அடைக்குற திருத்தம்) வெளிய வந்த நிமிஷமே பழைய ஃபைலையும் புது ஃபைலையும் வச்சுப் பாத்து ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால விட்டதோட வேலை முடியல, கஸ்டமர் போடுற வரைக்கும் ஆபத்து கூடத்தான் செய்யுது. ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வான்னாக்ரை வைரஸ் 2017 மே 12ல வெடிச்சுது, மைக்ரோசாஃப்ட் அதுக்கான பேட்ச்சை மார்ச் 14லயே விட்டுடுச்சு. நடுவுல ரெண்டு மாசம். இங்கிலாந்துல அரசு மருத்துவமனைகள்ல ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் கேன்சல் ஆச்சு. பேட்ச் போடாதவங்களை சோம்பேறின்னு சொல்றது எனக்குப் பிடிக்காது, ஸ்கேன் மெஷினோட ஒட்டிக்கிட்டு இருக்கிற கம்ப்யூட்டரைத் தொட யாருக்குத்தான் தைரியம் வரும்? போன தடவை அப்டேட் போட்டு எதோ ஒண்ணு உடைஞ்ச ஞாபகம் இருக்கிறவர் அடுத்த அப்டேட்டைத் தள்ளித்தான் போடுவார். நாம அவசரப்பட்டு அனுப்புற ஒவ்வொரு மோசமான ஃபிக்ஸும் அடுத்த நல்ல ஃபிக்ஸை யாரும் எடுக்காம பண்ணிடும்.

எங்க ஆபீஸ்ல அந்த செப்டம்பருக்கு அப்புறம் சில விஷயம் மாறிச்சு. ஹாட்ஃபிக்ஸ்ல (ஷெட்யூலுக்குக் காத்திருக்காம அவசரமா அனுப்புறது) அந்த ஒரு திருத்தம் மட்டும்தான், "இதோட சேத்து இந்த சின்ன ஃபீச்சரையும் விட்டுடலாம்"ங்கற பேச்சே கூடாது. ஹாட்ஃபிக்ஸ்ல டேட்டாபேஸ் டேபிளை மாத்துறது இல்ல, ஏன்னா டேபிள் மாறிட்டா பழைய எக்ஸிக்கு (சாஃப்ட்வேரை ஓட்டுற ஃபைல்) திரும்ப முடியாது. பழைய எக்ஸி அதே ஃபோல்டர்லயே இருக்கும், கடைக்காரரே போன்ல கேட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல பின்னாடி போயிக்கலாம். முதல்ல நல்லாப் பழகுன சில கடைக்குப் போகும், ஒரு நாள் பில் ஓடினதும் மத்தவங்களுக்கு. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ளதான் போடுறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கிளினிக்ல இருந்து சீட்டோட கூட்டம் வர்ற நேரத்துல கடைல யாரும் எதையும் தொட மாட்டாங்க, தொடவும் கூடாது. தெரிஞ்ச பிரச்சனை என்னென்னன்னு சாஃப்ட்வேர் ஓப்பன் பண்ணா முதல் ஸ்க்ரீன்லயே தமிழ்ல ரெண்டு வரி, அதுக்குப் பக்கத்துல இப்போதைக்கு என்ன பண்ணணும்னு. சேல்ஸ் பயந்த மாதிரி எதுவும் நடக்கல, போன் கால்தான் குறைஞ்சுது.

தீராத சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு. ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்புக் கட்டணம், கட்டாதவங்க. பணம் கட்டலன்னா அப்டேட் இல்லைங்கறது எல்லா இடத்துலயும் இருக்கிற வழக்கம், புது ஃபீச்சருக்கு அது நியாயமும் கூட. ஆனா நாம வித்த பொருள்லயே கணக்கு தப்புன்னா அதுக்கு ஏன் அவர் மறுபடி காசு குடுக்கணும்? வரி கணக்கு, செக்யூரிட்டி ரெண்டுக்கு மட்டும் ஏஎம்சி இல்லாதவங்களுக்கும் ஃபிக்ஸ் குடுக்கலாம்னு இப்போ சம்மதிச்சிருக்காங்க, அதுக்காக முந்தின ரெண்டு வெர்ஷனுக்கும் தனித்தனியா பில்ட் போடுறோம், வேலை ஜாஸ்திதான். ஸ்டாக் தப்பா கழியுற பக்கையும் அந்த லிஸ்ட்ல சேக்கணும்னு நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், "அப்போ ஏஎம்சிய யார்தான் கட்டுவாங்க"ன்னு கேக்குறாங்க. ஏப்ரல்ல ஏஎம்சி ரேட் பேசுற மீட்டிங் வருது, அங்கேயும் இதைத்தான் எடுக்கப் போறேன்.