ஜன்னலுக்கு வெளியே குரங்குப் பாறை: பெர்லினில் இரண்டு இரவுகள்

முதலில் அந்த டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. பெர்லின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஜூ நிலையத்துக்கு எஸ்-பான் ரயிலில் மூன்றே நிறுத்தம். மழை, கையில் பெட்டிகள், சரி என்று அக்காவும் நானும் டாக்சியில் ஏறினோம். அந்த ஓட்டுநர் டியர்கார்டன் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி 29 யூரோ வாங்கிவிட்டார். பாதிகூட ஆகாது என்று ஹோட்டல் வரவேற்பில் சொன்னார்கள். ரயிலிலேயே போங்கள். டிக்கெட்டில் முத்திரை குத்த மட்டும் மறக்காதீர்கள், மாட்டினால் 60 யூரோ அபராதம்.

நாங்கள் தங்கியது 25அவர்ஸ் பிகினி பெர்லின். பெயருக்குக் காரணம் அந்த வளாகம். 1950களில் கட்டிய நீளமான கட்டடத்தில் நடுத்தளத்தை மட்டும் சுவரில்லாமல் திறந்து விட்டிருந்தார்கள். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, இடையில் வெற்றிடம். ஊர்க்காரர்கள் 'பிகினி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நடுத்தளத்தைப் பின்னாளில் அடைத்துவிட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை. பக்கத்திலேயே உள்ள சின்னக் கோபுரக் கட்டடத்தில் 2014இல் இந்த ஹோட்டல் திறந்தது. மொத்தம் 149 அறைகள். உள்ளலங்காரம் வெர்னர் ஐஸ்லிங்கர் என்ற ஜெர்மன் வடிவமைப்பாளருடையது.

அந்த மனிதரின் துணிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும்! வரவேற்பு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கதவு திறந்ததும் தலைக்கு மேல் செடிகள் தொங்குகின்றன. அப்புறம் கண்ணாடிச் சுவர் ஓரமாக வலை ஊஞ்சல்கள், பெரியவர்களுக்குத் தூளி கட்டியது மாதிரி. பெட்டியை வைத்த கையோடு அக்கா ஒன்றில் ஏறிப் படுத்துவிட்டாள். கீழே பார்த்தால் பெர்லின் மிருகக்காட்சிசாலை. 1844இல் திறந்தது, ஜெர்மனியிலேயே பழையது.

அறைகள் இரண்டு விதம். நகரம் பார்த்த அறையில் படுத்தால் கெடெக்னிஸ்கிர்ஷெ தேவாலயம் தெரியும். 1943 குண்டுவீச்சில் உடைந்த கோபுரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். 'ஜங்கிள்' அறை மிருகக்காட்சிசாலைப் பக்கம். விலை கூடுதல்தான், கணக்குப் போட்டு ஒரு மணி நேரம் தயங்கினோம். என்னைக் கேட்டால் ஜங்கிளையே எடுங்கள், சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். ஜன்னலை ஒட்டி உட்கார மெத்தைத் திண்ணை போட்டிருந்தது. விடியற்காலையில் போர்வையோடு அதில் உட்கார்ந்தேன். ஒரு தாய்க் குரங்கு, குட்டியின் வாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பேன் பார்த்தது. குட்டி திமிறும், அது இழுத்து உட்கார வைக்கும். எண்ணெய் தேய்க்கப் பிடித்து உட்கார வைக்கும் அம்மாவேதான்! அக்காவை எழுப்பிக் காட்டினேன்.

மிச்சம் பிடிப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா, காலை உணவை வெளியே பேக்கரியில் முடித்தோம். காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். ஒரு ராத்திரி மட்டும் பத்தாம் மாடியில் உள்ள நேனி உணவகத்தில் மனம்போலச் சாப்பிட்டோம். ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை மசியலும் சுட்ட கத்தரிக்காயும் வந்தன. அந்தப் புகை வாசனைக்குச் சுட்ட கத்தரிக்காய் கொத்சுதான் நினைவுக்கு வந்தது. தட்டை ரொட்டியால் வழித்தே சாப்பிட்டோம். சைவக்காரர்கள் கவலையே படவேண்டாம்.

அதே மாடியில் மங்கி பார். அங்கே போக ஹோட்டலில் தங்கியிருக்க வேண்டியதில்லை. அறை கட்டுப்படியாகாதவர்களுக்கு இன்னொன்று: வளாகத்தின் வணிக வளாகத்தில் தரையிலிருந்து எழும்பும் பெரிய கண்ணாடி வழியாக அதே குரங்குகளைக் காசில்லாமல் பார்க்கலாம்.

கிளம்பும் நாளில் 100ஆம் எண் பேருந்து பிடித்து ஊர் சுற்றத் திட்டம். போகவில்லை. அறையைக் காலி செய்யும் நேரம் வரை இரண்டு பேரும் திண்ணையிலேயே இருந்தோம், அந்தக் குட்டி மறுபடி வெளியே வருமா என்று.