ஒன்பதாவது கேள்வி

2025 மார்ச் 3, திங்கள்

வாரத்தில் இரண்டு நாள் நான் உளவளத்துணையாளராகப் போய்வரும் ஆடைத்தொழிற்சாலையில் இன்று ஒரு கோப்பைக் கையில் தந்தார்கள். ஊழியர்களின் மனநிலையை அறிய ஒரு செயலி வாங்கப்போகிறார்களாம். மாதந்தோறும் கைத்தொலைபேசியில் நிரப்பும் வினாக்கொத்து ஒன்று. எழுதினால் பதில் எழுதும் உரையாடல் பெட்டி ஒன்று. காலையில் வரவு பதியும்போதே முகத்தைப் பார்த்து 'உற்சாகம்', 'சோர்வு' என்று குறிக்கும் கமரா ஒன்று. இரண்டு கிழமைக்குள் என் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அளவிடுவதில் எனக்கு வெறுப்பில்லை. இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் என் அறைக்கு மாதம் ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். மற்றவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று தெரியாமலே சம்பளம் வாங்குவது மனதை உறுத்துகிறது.

மார்ச் 5, புதன்

கமராவை வாசலில் வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். நோன்பு காலம். திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து வரும் பெண்கள் ஸஹருக்கு, விடியுமுன் உண்ணும் நோன்பு உணவுக்கு, எழுந்து, வீட்டு வேலையை முடித்து, பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் திரையில் 'சோர்வு' என்று விழுந்தது. அவர்களில் ஒருவரிடம் பிறகு கேட்டேன். "இந்த மாதத்தில்தான் மிஸ் மனம் லேசாக இருக்கும்" என்றார். உடல் களைத்திருந்தது உண்மை. ஆனால் கமரா அதை மனதின் கணக்கில் எழுதிவிட்டது.

முகத்தை வைத்து உணர்ச்சியைத் தீர்மானிப்பது நம்பத்தக்கதல்ல என்பதை உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இலேயே விரிவாகத் தொகுத்து எழுதினார்கள். கோபம் வந்தவர் எல்லோரும் முகம் சுளிப்பதில்லை, சுளித்தவர் எல்லோரும் கோபத்தில் இல்லை. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்ந்த வேறெதற்காகவும் வேலைத்தலத்தில் இப்படி உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் சென்ற பெப்ரவரி 2ஆம் திகதி முதல் தடைசெய்திருக்கிறது. அங்கே வேண்டாம் என்றது இங்கே எங்கள் பிள்ளைகளின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. எனக்குக் கோபமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

உப்புவெளியில் என் வீட்டு முற்றத்தில் இருந்து, ஓர் ஊழியரைப்போலச் செயலியை நிரப்பிப் பார்த்தேன். 'உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்' என்ற கட்டத்தில், என் அறையில் தினமும் கேட்கும் வசனத்தையே எழுதினேன்: 'இரவெல்லாம் ஒரே யோசனை.' செயலி அதை 'ஊழியர் ஆலோசனைகள்' என்ற தலைப்பின்கீழ் நிருவாகத்துக்கு அனுப்ப எடுத்துவைத்தது!

எங்கள் ஊரில் யோசனை என்றால் கவலை. கடன், பிள்ளையின் படிப்பு, வெளிநாடு போனவர் அனுப்பாத பணம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. செயலிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் இங்கே ஒருவரோடும் பேசிப் பார்க்கவில்லை.

வினாக்கொத்து உலகெங்கும் பயன்படுவதுதான். கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. நானும் தாளில் பயன்படுத்துகிறேன். ஒன்பதாவது, இறந்துவிடுவதே மேல் என்றோ தன்னைத்தானே காயப்படுத்த வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது. தாளில் அந்த இடத்தில் பேனை தயங்கினாலே நான் நாற்காலியை இழுத்து அருகில் இருப்பேன். செயலியில் ஆகக் கூடிய பதிலைத் தொட்டேன். 'நன்றி! உங்கள் பதில்கள் பதிவாகிவிட்டன' என்று பச்சை நிறத்தில் வந்தது. அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை அதைத் தொட்டிருந்தால்? நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 13, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். மூதூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவர் ஒரு வருடமாக என் அறையைத் தாண்டிப் போவார், உள்ளே வந்ததில்லை. அறை மனிதவளப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கண்ணாடிக் கதவு வேறு. ஜனவரியில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அன்றிலிருந்து தொலைபேசியில் பேசுகிறோம். (அவருடைய சம்மதத்துடன், விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) முகம் தெரியாததால்தான் அவரால் பேச முடிகிறது. கருவி இல்லாவிட்டால் அவர் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி. ஆகவே அவர்தான் முதலில் மிஸ்ட் கோல் கொடுப்பார். பேச்சின் நடுவே "தைத்த சட்டை எப்போது வரும்?" என்று கேட்டால் யாரோ பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று பொருள். நான் உடனே சட்டையைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தச் செயலியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இருவரும் யோசித்துக் கண்டுபிடித்தோம்.

உரையாடல் பெட்டியை முற்றாகத் தள்ள மனம் வராததும் இதனால்தான். கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரல் எதையும் விளங்கிக்கொள்ளாதது. எழுதியதையே திருப்பிக் கேள்வியாக்கும். அது உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியே பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். தனியே சொல்லிவிட ஓர் இடம் வேண்டும் என்ற அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். சொன்னது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் அச்சம்.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். "பெயர் எங்கும் வராது, மிஸ்" என்றார் செயலிக்காரர். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: தரச் சோதனையில் இரவு முறைக்கு ஏழு பேர், அவர்களில் தமிழ் பேசுபவர் இருவர், அவர்களில் நாற்பது வயதைக் கடந்தவர் ஒருவர். பெயர் எதற்கு? முகாமையாளர் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு பற்றிய இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். சம்மதம் கேட்போம் என்றார்கள். வேலை கொடுப்பவர் நீட்டும் தாளில் தையல் லைனில் இருக்கும் பிள்ளை 'இல்லை' என்று எப்படி எழுதுவாள்? இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று முகாமையாளர் ஒப்புக்கொண்டதை நன்றியோடு குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

கடிதம் வந்தது. கமரா வேண்டாம். வினாக்கொத்து ஜூன் முதல், விரும்பியவர்களுக்கு மட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளைச் சேர்த்தே காட்டுவார்கள். ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்ற சாயலில் எந்தப் பதில் வந்தாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் திரையில் வரும், என் தொலைபேசிக்கு மட்டும் அறிவிப்பு வரும். எனக்கு அறிவிப்பு வரும் இரவில் நான் விழித்திருக்காவிட்டால் யார் எடுப்பது என்பது முடிவாகவில்லை. உரையாடல் பெட்டியை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். என் மறுப்பை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அறையையும் மாற்றக் கேட்டிருந்தேன். மேல்மாடியில் முதலுதவி அறைக்குப் பின்னால் மரக்கதவு போட்ட ஒரு களஞ்சியம் இருக்கிறது, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

நாளை மதிய இடைவேளையில் லைனிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், கேள்விகளை அவர்களுடைய சொற்களில் மாற்றி எழுத. முதலில் 'யோசனை' என்ற சொல்லை எடுக்கிறோம்.