மிதவையை நீராக எண்ணினால் வரும் பிழை

காலிமுகத்திடலுக்கு முன்னால் விரியும் கடலில் மேல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக, பாரமின்றி மேலேயே கிடக்கும். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடோர் கடலில் அப்படியல்ல. மாரியில் கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று வெப்பத்தை உறிஞ்ச, மேல்நீர் கனத்து 1000 மீற்றரையும் தாண்டி இறங்கும். மேல்நீர் இப்படி ஆழத்துக்கு இறங்கிக் கலப்பதுதான் ஆழ மேற்காவுகை. அதை அளக்க நீருக்குள் விடும் கருவியான மிதவை நீரோடு நீராகப் போகும் என்று வைத்துக் கணினி மாதிரியை எழுதினால், முதல் வரியிலேயே பிழை.

1000 மீற்றர் ஆழத்தில் கடல்நீர் அமுக்கத்தால் ஏறத்தாழ 0.45 சதவீதம் சுருங்கும். 50 கிலோ மிதவையின் உடல் அதைவிடப் பத்திலொரு பங்கு குறைவாகச் சுருங்கினாலே போதும்; மேற்பரப்பில் மிதக்காமலும் அமிழாமலும் நிற்கச் சமன்செய்த மிதவை அங்கே சுமார் 22 கிராம் இலேசாகிவிடும். ஒரு சதுர மீற்றர் இழுவைத் தட்டு கட்டி, இழுவைக் குணகத்தை 1 என்று எடுத்தாலும், நீருக்குச் சார்பாகச் செக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் வேகத்தில் மேலேறும். இறங்கும் நீரின் வேகமே செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர்தான்! உடல் நீரைவிடக் கூடுதலாகச் சுருங்கினால் இன்னும் மோசம்: இறங்க இறங்கக் கனத்துக்கொண்டே போகும்.

சமன்செய்யும் இடமும் முக்கியம். கொழும்பில் 28 பாகைத் தொட்டியில் சமன்செய்த 50 லீற்றர் அலுமினிய உடல் 3 பாகை நீரில் ஏறத்தாழ 85 மில்லிலீற்றர் சுருங்கும். நீரின் அடர்த்தி மாற்றத்தோடு இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மாதிரியில் நீரின் நிலைக்குத்து வேகத்தோடு மிதப்பு வேகத்தைக் கூட்டுங்கள். அது மிதப்பு விசையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். சடத்துவத்தை விட்டுவிடலாம். தட்டோடு அசையும் நீரின் திணிவைச் சேர்த்தாலும் மிதவை ஒரு நிமிடமளவில் நீரோட்டத்துக்கு இசைந்துவிடும். நீர் 1000 மீற்றர் இறங்கவோ மணிக்கணக்காகும். நம் பக்கத்துக் கடலுக்கு எழுதிய நிரலை எடுத்தால் பூமியின் சுழற்சி நீரோட்டத்தைத் திருப்பும் அளவான கொரியோலிஸ் பெறுமானத்தை மாற்ற மறக்கவேண்டாம்: லாப்ரடோர் கடலில், 57 பாகை வடக்கில், அது கொழும்பைப் போல் ஏழு மடங்கு.

இலேசான மிதவைகள் மேற்பரப்பில் நீர் கூடி இறங்கத் தொடங்கும் கோடுகளில் போய்ச் சேரும். ஆகவே அவை இறங்கும் நீரையே அதிகம் அளக்கும். நீர் மேலும் கீழும் காவும் வெப்பத்தின், அதாவது வெப்பப் பாய்வின், கணக்கும் அந்தப் பக்கம் சாயும்.

ஆனால் கணினிப் பிழையும் இதே போலக் கூட்டம் சேர்க்கும். முதலில் மிதப்பே இல்லாத மிதவைகளைக் மேற்காவுகையால் கலந்த நீர்ப்படை (கலவைப்படை) முழுவதும் சீராகத் தூவி ஓட்டுங்கள். அவை எங்காவது குவிந்தால், வலைப்புள்ளிகளுக்கிடையே வேகத்தை இடைச்செருகிய முறையையும், சிறு சுழிப்புகளுக்காக மாதிரியில் சேர்க்கும் எழுமாற்று நகர்வில் கொந்தளிப்பு மாறும் வீதத்துக்கான திருத்தத்தையும் பாருங்கள். குவியாதவரைக்கும் அடுத்த படிக்குப் போகலாம்: அதே ஓட்டம், அதே தொடக்க இடங்கள், இம்முறை சுருங்கல் வித்தியாசத்தோடு. இரண்டு ஓட்டங்களின் சராசரி வேகங்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உண்மையான மிதவைத் தரவிலிருந்து கழிக்கவேண்டிய ஒருபக்கச் சாய்வு.