அப்பா பெயரில் வரும் கடிதங்கள்

ஜெர்மனியில் ஒரு டாக்டர் கிளினிக். காத்திருக்கும் அறைக்குள் தலையை நீட்டி "ஃப்ராவ் சுப்ரமானியான்!" என்று கூப்பிடுகிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார்கள். போன மாதம்தான் ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அப்பா பேரை இந்த ஊரில் யார் சொல்வது? ஃப்ராவ் என்றால் திருமதி. திருமதி சுப்பிரமணியன் என்றால் நம் கணக்கில் அது அம்மா. தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று புரிந்து எழுவதற்குள் உதவியாளர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.

கணவனோடு, அல்லது மனைவியோடு, வாழ ஜெர்மனி போகிறவர்களுக்கு ஊரில் எல்லோரும் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் எச்சரிக்கிறார்கள். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. பெயருக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. முதல் வருடத்தில் அதிகம் அலைய வைப்பதும், அதிகம் வலிப்பதும் அதுதான்.

நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஜெர்மன் படிவத்துக்கு வேண்டியது குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம். கயல்விழி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அப்பா சுப்பிரமணியன், கணவர் இளங்கோ, மாமனார் முருகேசன். கயல்விழியின் பாஸ்போர்ட் மூன்றில் ஒரு விதமாக இருக்கும். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரும் கிவன் நேம் கட்டத்தில் தன் பெயரும் இருந்தால் காகித வேலை நேராக நடக்கும். ஆனால் ஊர் முழுக்க அவள் ஃப்ராவ் சுப்பிரமணியன். கட்டங்கள் இடம் மாறியிருந்தால் "ஃப்ராவ் கயல்விழி" என்று காதுக்கு இதமாகக் கூப்பிடுவார்கள். மொழி வகுப்பில் சக மாணவர்கள் முதற்பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் "சுப்பிரமணியன், பேனா இருக்கா?" என்றாகும். மூன்றாவதுதான் உண்மையான தொல்லை. சர்நேம் காலி, முழுப்பெயரும் கிவன் நேமில். பல அலுவலகங்கள் மொத்தத்தையும் குடும்பப் பெயராக ஏற்றி, முதற்பெயருக்கு ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை வங்கியின் இணையப் படிவம் ஏற்காது, மொபைல் சிம்முக்கான வீடியோ அடையாளச் சோதனையும் பாதியில் நிற்கும்.

ஆகவே பாஸ்போர்ட்டை ஊரிலேயே சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, சர்நேம் கட்டத்தைப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட், பிறகு திருமணப் பதிவு, பிறகு ஜெர்மன் தேர்வு, கடைசியில் விசா. தேர்வுச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் வரும்; தேர்வு முடிந்தபின் பாஸ்போர்ட்டை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. திருமணச் சான்றில் "சு. கயல்விழி" என்று இனிஷியலோடு நின்றிருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளையும் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். சுப்பிரமணியன் என்ற ஒரு பெயரை மார்க் ஷீட்டில் ஒய் இல்லாமலும், பாஸ்போர்ட்டில் ஒய் போட்டும், ரேஷன் கார்டில் கடைசியில் எம் வைத்தும் எழுதிய வீடுகள் நம்மிடம் ஏராளம்.

இன்னொன்று: வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக இந்தியச் சான்றிதழ்களில் ஒட்டும் அப்போஸ்டில் என்ற அத்தாட்சியை ஜெர்மனி ஏற்பதில்லை. இந்தியா அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் பதிவு செய்துவிட்டது. தேவைப்பட்டால் தூதரகமே ஒரு வக்கீல் மூலம் சான்றிதழைச் சரிபார்க்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அங்கே போய்ச் சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் திருமணச் சான்றைக் கொடுக்கும்போது பாஸ்போர்ட் நகலையும் கூடவே கொடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயருக்கு அவர் ஒரு புது எழுத்துக்கூட்டு போட்டுவிடுவார், நான்காவதாக ஒரு சுப்பிரமணியன் பிறப்பார்.

தேர்வு என்றது ஏ1, ஜெர்மன் மொழியின் தொடக்க நிலை. சென்னையில் ஜெர்மன் பண்பாட்டு நிலையமான மேக்ஸ்முல்லர் பவனில் எழுதலாம். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கணவர் நீல அட்டை, அதாவது உயர்தகுதி வேலையாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி, வைத்திருந்தால் விசாவுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. வேறு சில விலக்குகளும் உண்டு. விலக்கு இருந்தாலும் படித்துவிட்டுப் போவது நல்லது. பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் தன்னை அறிமுகம் செய்துகொண்டபின், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். விளையாட்டு மாதிரி தெரியும் அந்த ஒரு நிமிடம்தான் பின்னாளில் தினமும் உதவும். நாம் ஆங்கிலப் பழக்கத்தில் "ஏ" என்றால் அவர்கள் ஈ எழுத்தைப் போடுவார்கள். "ஈ" என்றால் ஐ எழுத்து. அவர்களுக்கு முதல் எழுத்து "ஆ", ஒய் "உப்சிலோன்", ஜே "யோட்", வி "ஃபௌ". டெலிபோனில் மின்னஞ்சல் முகவரி சொல்லி, கடிதம் வராமலே போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கயல்விழியைக் கா, ஆ, உப்சிலோன், ஆ, எல், ஃபௌ, ஈ, ட்செட், ஹா, ஈ என்று மூச்சு விடாமல் சொல்லும்வரை பழகிவிடுங்கள்.

அப்படிச் சரியாகவே எழுதிக்கொண்டாலும் வாசிக்கும்போது வேறாகிவிடும். வி அவர்களுக்கு ஃப. இசட் அவர்களுக்கு ட்ஸ. கயல்விழி "காயால்ஃபிட்ஸி" ஆகிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வாழைப்பழம் சொல்லச் சொல்லி, நாக்கை மடிக்கவைத்து வாங்கிய ழகரம். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அப்பா யோசித்து யோசித்துப் போட்ட இசட்டும் எச்சும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், முதல் நான்கு தடவை.

விமானம் இறங்கிய பிறகு முதல் வேலை முகவரிப் பதிவு, ஆன்மெல்டுங். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், திருமணச் சான்று, வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். இந்த மூன்றாவதைக் கணவர் முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால், இரண்டு வாரம் அதற்கே போய்விடும். பதிவுத் தாளைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயரைப் படித்துப் பாருங்கள். அன்றைக்கு அதில் இருப்பதுதான் வரி எண்ணுக்கும், அங்கிருந்து இன்னும் பல இடங்களுக்கும் போகப்போகிறது.

அடுத்தது தபால்பெட்டி. புதிதாக வருகிறவர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஜெர்மன் முகவரியில் பொதுவாக ஃபிளாட் எண் கிடையாது. தெரு, வீட்டு எண், அவ்வளவுதான். பத்துக் குடும்பம் உள்ள கட்டடத்தில் தபால்காரர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் கணவரின் குடும்பப் பெயர், அதாவது முருகேசன், மட்டும் இருக்கும். கயல்விழி சுப்பிரமணியனுக்கு வரும் வரி எண், வங்கி அட்டை, தனிக் கவரில் வரும் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் "பெறுநர் தெரியவில்லை" என்ற குறிப்போடு திரும்பிப் போகும். எதுவும் வரவில்லையே என்று ஒன்றரை மாதம் காத்திருந்தபின் விஷயம் தெரியும். வந்த அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு குடும்பப் பெயரையும் எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். அழைப்புமணிப் பலகையிலும் அதேபோல. பிறகு வீட்டு நிர்வாகத்திடம் சொல்லி முறையான பெயர்ப்பலகை வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பலகை வந்ததும் ஒரு கணம் நின்று பார்க்கத் தோன்றும். முருகேசன், சுப்பிரமணியன். கடல் தாண்டாத இரண்டு சம்பந்திகள் குளிரில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். உள்ளே குடியிருக்கும் இருவரின் பெயரும் அதில் இல்லை.

மற்ற வேலைகள் ஒப்பீட்டளவில் சுலபம். கணவரின் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே, வருமானம் இல்லாத மனைவியைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குடும்பப் பெயர் வேறாக இருந்தால் திருமணச் சான்றையும் இணைக்கச் சொல்வார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு 100 யூரோவும் கைரேகையும். நகரத்தைப் பொறுத்து முன்பதிவு கிடைக்க மாதங்கள் ஆகும். ஆகவே விசா முடிவதற்கு வெகு முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள். வாழ்க்கைத்துணைக்கான அந்த அட்டையிலேயே வேலை செய்ய அனுமதி உண்டு. தனி விண்ணப்பம் வேண்டாம். புதிதாகக் குடியேறுபவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு 700 மணி: 600 மொழிக்கு, 100 நாட்டைப் பற்றி, ஒரு மணி என்பது 45 நிமிடம். இன்னொன்றையும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் மணவாழ்க்கை 3 ஆண்டு நீடித்திருந்தால், பிரிய நேர்ந்தாலும் தனக்கென்று தங்கும் உரிமை கேட்கலாம். வன்முறை போன்ற கடுமையான சூழலில் அந்த 3 ஆண்டுக்கு முன்பேயும் கேட்க வழி இருக்கிறது.

ஓர் ஆறு மாதத்தில் பழகிவிடும். பெயரைக் கூப்பிட்டால் எழுந்துவிடுவோம், எழுத்தெழுத்தாகச் சொல்வோம், ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கம் அமைதியாக இருக்க வேண்டும் என்று சனிக்கிழமையே மிக்ஸியில் மாவு அரைத்துவிடுவோம். மின்சாரம் ஊரில் உள்ள அதே 230 வோல்ட்தான். மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குளிர்காலத்தில் மாவு பொங்க, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால் போதும். அந்த மாவு பொங்கும் வாசத்தில்தான் காலையில் பழகியதெல்லாம் கழன்றுபோகும். "சுப்பிரமணியன் வீட்டுப் பொண்ணுதானே நீ?" என்று சைக்கிளை நிறுத்தி மணியார்டரைக் கையில் கொடுத்த தபால்காரர் நினைவுக்கு வருவார். அங்கே அப்பா பெயர் ஓர் அடையாள அட்டை. அதைக் காட்டித் தெருவில் எங்கும் போகலாம்.

ஈழத்தமிழர்கள் இந்தப் பாதையில் நமக்கு வெகு முன்னால் நடந்தவர்கள். 1980-களில் அகதிகளாக வந்தபோது பதிவான அப்பா பெயர்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. அவர்கள் கடைக்கு அரிசி வாங்கப் போனால் "உங்கட பேர் என்ன, பிள்ளை?" என்று கேட்பார்கள். சொன்னால் ழகரம் சிதையாமல் திரும்பி வரும். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்பது பெயரும் நட்சத்திரமும்தான். குடும்பப் பெயருக்கு அங்கே கட்டம் இல்லை.

குழந்தை பிறக்கும்போது இதே கேள்வி மறுபடி வரும். அதை மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். பெற்றோருக்குப் பொதுவான குடும்பப் பெயர் இல்லாவிட்டால், அப்பாவின் குடும்பப் பெயரா அம்மாவுடையதா என்று பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 மே 1 முதல் இரண்டையும் சேர்த்து இரட்டைப் பெயராகவும் வைக்கலாம். முதல் பிள்ளைக்கு வைத்ததே அடுத்த பிள்ளைக்கும். நம் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இளங்கோ வர வேண்டும். ஜெர்மன் கணக்கில் அப்பாவின் குடும்பப் பெயர் முருகேசன் என்பதால் தாத்தா பெயர் வந்துவிடும். இதைத் தவிர்க்கச் சிலர் கல்யாணத்துக்குப் பின் மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேமை இளங்கோ என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்போது பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயரைத் தேர்ந்தால், ஊர் வழக்கம் அப்படியே நிற்கும். அதற்கு விலை, கயல்விழி தன் பெயரிலிருந்து அப்பாவை எடுக்க வேண்டும். அவரவர் மனசைக் கேட்டு முடிவு செய்யட்டும். எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பார்சல். அம்மா பருப்புப்பொடியும் வத்தலும் கட்டி, அட்டையில் ஆசையாக "திருமதி கயல்விழி இளங்கோ" என்று எழுதுவார். அந்தப் பெயர் தபால்பெட்டியிலும் இல்லை, பாஸ்போர்ட்டிலும் இல்லை. தபால் நிலையத்தில் ஏழு வேலைநாள் வைத்திருப்பார்கள். வாங்கப் போனால் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒப்பிடுவார்கள். பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெய்யும் பால்கோவாவும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பால் பொருளைச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பரிசாக அனுப்பும் பொருளின் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை. பெறுநர் வரியில் கயல்விழி சுப்பிரமணியன் என்றே எழுதச் சொல்லுங்கள். "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இன்னும் என் பேரையா எழுதுறது?" என்று அப்பா தயங்குவார். ஆமாம் அப்பா, அப்படி எழுதினால்தான் வந்து சேரும் என்று சொல்லி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒய் இருக்கிறதா, கடைசியில் என்னா எம்மா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.